கைக்கடிகாரமும் குருதியமுக்கமும்



கிழக்கிலங்கையின் கரையோர நெடுஞ்சாலையிலே தெற்கு நோக்கிச் செல்வோர்க்கு மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். ஒரு புறத்தே கடல்; மறு புறத்தே நெல்வயல். மருதமுனையிலே தறி, சம்மாந்துறையிலே வயல், சாய்ந்தமருதுக் கரையிலே வலையும் தோணியும். இவ்வூர்களின் வாழ்வு கையையும் காலையும் நம்பி நடப்பது. தறியில் அமர்ந்தவர்க்குக் கை இரண்டும் வேண்டும். கால் இரண்டும் வேண்டும். தோணியைத் தள்ளுவோர்க்கும், வரம்பிலே நடப்போர்க்கும் அவ்வாறே. ஆகவே, ஒருவருடைய வலக்கையும் வலக்காலும் ஓர் இரவிலே செயலற்றுப் போகுமாயின், அவருடைய தொழிலும் அன்றே நின்றுபோகும். அவருடைய வீட்டின் நடைமுறையும் அன்றே மாறிப்போகும்.

இவ்வாறு உடலின் ஒரு பாதியை முடக்கும் நோயைப் பாரிசவாதம் என்பர். அந்நோயிலிருந்து உயிர் தப்பி வீடு திரும்பியவர்களின் மணிக்கட்டுக்கு அண்மைக் காலத்திலே புதியதொரு கருவி வந்து சேர்ந்திருக்கிறது. பார்வைக்கு அது கைக்கடிகாரம், நேரம் காட்டும், நாடித்துடிப்பை எண்ணும், சிலவற்றிலே குருதியமுக்கமும் எண்ணாகத் தோன்றும். இக்கருவி பாரிசவாத நோயாளர்க்கு எவ்வளவு உதவும், எவ்விடத்திலே ஏமாற்றும், அதனை வீட்டிலுள்ளோர் எவ்வாறு கையாளுதல் வேண்டும் என்பனவே இன்றைய பேச்சின் பொருளாகும்.

முதலிலே நோயைப் பற்றிச் சில சொற்கள். மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபட்டால், அக்குழாயை நம்பியிருந்த மூளைப்பகுதி பட்டினி கிடந்து மடிகின்றது. குழாய் வெடித்தாலோ, கசிந்த குருதி மூளையை நெருக்குகின்றது. இவ்விரு வகைக்கும் முதற் காரணமாக நிற்பது உயர் குருதியமுக்கம். 32 நாடுகளிலே ஏறத்தாழ 27,000 பேரை வைத்து நடத்தப்பெற்று, 2016 ஆம் ஆண்டிலே வெளியான பேராய்வு ஒன்று, பாரிசவாதத்துக்குரிய காரணங்களுள் ஏறத்தாழ அரைப்பங்கு உயர் குருதியமுக்கத்தைச் சாரும் என்று காட்டியது. இலங்கையிலே வயது வந்தோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்கு இக்குறை உண்டு. கொழும்பு நகரத்திலே நடத்தப்பெற்று 2015 ஆம் ஆண்டிலே வெளியான ஆய்வின்படி, வயது வந்தோர் ஆயிரவருள் ஏறத்தாழ பதின்மர் பாரிசவாதம் கண்டவர்கள்.

ஒருமுறை பாரிசவாதம் கண்டவர்க்கு அது மீண்டும் வரக்கூடும் என்பதே இந்நோயின் கொடுமை. முதல் அடியிலே கையை இழந்தவர், இரண்டாம் அடியிலே பேச்சையோ உயிரையோ இழக்கலாம். இரண்டாம் அடியைத் தடுத்தல் கூடுமா எனின், பெருமளவுக்குக் கூடும். 2001 ஆம் ஆண்டிலே வெளியான உலக ஆய்வு ஒன்றிலே, முன்னர் பாரிசவாதமோ அதன் சிறு முன்னறிகுறியோ கண்ட 6,105 பேர் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் கண்காணிக்கப்பட்டனர். குருதியமுக்கத்தைக் குறைக்கும் மருந்து பெற்றோர்க்கு நோய் மீண்டும் வருதல் நூற்றுக்கு 28 பங்கு குறைந்தது. எனவே குருதியமுக்கத்தை அளத்தல் ஓர் அலங்காரமன்று. இரண்டாம் அடிக்கு எதிரே போடும் வேலியாகும். அமெரிக்க வைத்தியர் சங்கங்கள் 2021 ஆம் ஆண்டிலே வெளியிட்ட வழிகாட்டியிலே, பாரிசவாதம் கண்ட பெரும்பாலோர்க்கு மேல் எண் 130 இற்கும் கீழ் எண் 80 இற்கும் குறைவாக இருத்தல் நலம் எனக் கூறியுள்ளன. ஆயினும் ஒவ்வொருவர்க்கும் உரிய இலக்கை அவருடைய வைத்தியரே வகுத்தல் வேண்டும்.

இனி, மாதத்துக்கு ஒருமுறை கிளினிக்கிலே அளந்தாற் போதாதோ என்று ஒரு வினா எழும். குருதியமுக்கம் கிணற்று நீரைப் போல் ஒரு மட்டத்தில் நிற்பதன்று. கடல்நீரைப் போல் ஏறியிறங்குவது. நித்திரையிலே அது நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரை தாழ்வது இயல்பு. விடியற்காலையிலே விழித்தெழும்போது விரைந்து ஏறும். பாரிசவாதம் காலைப் பொழுதிலே மிகுதியாக நேர்வதற்கு இவ்வேற்றமும் ஒரு காரணம் என்பர். சிலர்க்கு இரவிலே தாழவேண்டிய அமுக்கம் தாழ்வதில்லை. பாரிசவாதம் கண்டவரிடையே இக்குறை பெரிதும் காணப்படுகின்றது. வேறு சிலர்க்கு வைத்தியரைக் கண்டவுடன் அமுக்கம் உயரும். வீட்டிலே சரியாக இருக்கும். மற்றும் சிலர்க்கோ கிளினிக்கிலே சரியாக இருக்கும். வீட்டிலே உயர்ந்து நிற்கும். வாங்கிலே நெடுநேரம் காத்திருந்து எடுத்த ஒரே ஓர் எண், மாதம் முழுவதற்கும் சாட்சி சொல்ல வல்லதன்று. வீட்டிலும், இயலுமாயின் இரவிலும், அளக்க வேண்டும் என்ற கருத்து இவ்வாறே பிறந்தது.

அளக்கும் கலையின் வரலாறு சுவையானது. 1733 ஆம் ஆண்டிலே ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார், குதிரையொன்றின் நாடியிலே குழாயைச் செருகி, குருதி எட்டடிக்கும் மேலே எழுந்து நின்றதைக் கண்டு எழுதினார். 1896 ஆம் ஆண்டிலே இத்தாலிய வைத்தியர் ரிவா-றொச்சி, கையைச் சுற்றிக் காற்றுப்பட்டையைக் கட்டி, பாதரசத்தின் உயரத்தால் அமுக்கத்தை அளந்தார். 1905 ஆம் ஆண்டிலே ரஷ்ய வைத்தியர் கொரொற்கோவ், அப்பட்டையின் கீழே காதுக்குழாயை வைத்து, குருதி மீண்டும் பாயும் ஓசையைக் கேட்டு, மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் பிரித்தறிந்தார். 1962 ஆம் ஆண்டிலே அமெரிக்காவில், நோயாளர் உடலிலே சுமந்து திரியக்கூடிய அளவுகருவி ஒன்று விவரிக்கப்பட்டது. அணிந்து திரியும் கருவி என்ற எண்ணம், ஆதலால், அறுபது ஆண்டுகளுக்கும் மேல் பழைமையானது. புதுமை யாதெனில், அது சிறுத்துச் சிறுத்து மணிக்கட்டில் அடங்கியதேயாம்.

இன்று வழங்கும் அணிகருவிகளை மூவகையாகப் பிரித்துக் கொள்ளலாம்.

முதலாவது, மேற்கையிலே காற்றுப்பட்டையும் இடுப்பிலே சிறு பெட்டியுமாக 24 மணிநேரம் அணிவது. பகலிலே ஏறத்தாழ 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறையும், இரவிலே 30 முதல் 60 நிமிடத்துக்கு ஒருமுறையும் தானே காற்றடைத்து அளக்கும். இரவின் அமுக்கத்தை அறிவதற்கு வைத்தியர்கள் நம்பும் கருவி இதுவே. ஆயினும் இது வைத்தியசாலையிலே ஒருநாளைக்குக் கட்டி விடப்படுவது, அன்றாடம் அணியத்தக்கதன்று.

இரண்டாவது, கைக்கடிகாரத்தின் வாரினுள்ளே சிறு காற்றுப்பட்டையை அடக்கியது. யப்பானிய நிறுவனமான ஓம்ரோன் ஆக்கிய இத்தகைய கருவிக்கு 2018 ஆம் ஆண்டின் இறுதியிலே அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. இது உண்மையிலே காற்றடைத்து அளப்பது. ஆயின், அளக்கும்போது மணிக்கட்டு இதயத்தின் மட்டத்திலே இருத்தல் வேண்டும்.

மூன்றாவது வகையே இன்று கடைவீதிகளிலே மலிந்து காணப்படுவது. இதிலே காற்றுப்பட்டை இல்லை. கடிகாரத்தின் அடியிலிருந்து பச்சை ஒளி தோலின்மீது பாய்கின்றது. ஒவ்வொரு துடிப்பிலும் தோலின் கீழே குருதி கூடிக் குறைவதற்கேற்ப, திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறைகின்றது. அந்த அலையின் வடிவத்திலிருந்து குருதியமுக்கம் இவ்வளவு இருக்கலாம் என்று கருவி கணக்கிட்டுச் சொல்கின்றது. சுருங்கச் சொன்னால், முன்னிரண்டும் அளக்கின்றன; மூன்றாவது ஊகிக்கின்றது.

ஊகத்துக்கு ஓர் ஆதாரம் வேண்டுமன்றோ? அதனாலே சாம்சுங் நிறுவனத்தின் கடிகாரத்திலே இவ்வசதியைப் பயன்படுத்துவோர், 28 நாளுக்கு ஒருமுறை மேற்கைக் காற்றுப்பட்டைக் கருவியால் அளந்து, அவ்வெண்ணைக் கடிகாரத்துக்கு ஊட்டுதல் வேண்டும். நல்ல காற்றுப்பட்டைக் கருவி இல்லாத வீட்டிலே இக்கடிகாரம் வழிகாட்டியற்ற மரக்கலம் போன்றது. வைத்தியர் மருந்தை மாற்றினாலோ, நாட்செல்லச் செல்லவோ, ஊகம் உண்மையிலிருந்து விலகவும் கூடும். அமுக்கம் மாறியதா என்று அறிய வேண்டிய அவ்வேளையிலேயே கருவி பழைய கணக்கைச் சொல்லிக்கொண்டிருப்பது ஆபத்தன்றோ? இவற்றை ஆராய்ந்தே, உயர் குருதியமுக்கத்துக்கான ஐரோப்பியச் சங்கம் 2023 ஆம் ஆண்டு வழிகாட்டியிலே, காற்றுப்பட்டையற்ற கருவிகளைக் கொண்டு நோயை நிர்ணயிப்பதும் மருந்தைத் தீர்மானிப்பதும் தகா என்று கூறியது. 2025 ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டியும் இக்கருத்தையே கொண்டது.

அப்பிள் நிறுவனத்தின் கடிகாரத்துக்கு 2025 செப்டெம்பரிலே அமெரிக்க அரசின் அனுமதி பெற்ற புதிய வசதியும் இவ்விடத்திலே கருதத்தக்கது. அது எண் எதனையும் காட்டுவதில்லை. முப்பது நாள் துடிப்பலைகளைப் பார்த்து, உயர் குருதியமுக்கம் இருக்கலாம் என்று எச்சரிப்பதே அதன் வேலை. அவ்வசதி, அந்நோய் உண்டென்று முன்னரே அறியப்பட்டவர்க்கு உரியதன்று என நிறுவனமே கூறியுள்ளது. பாரிசவாதம் கண்டவருட் பெரும்பாலோர் அவ்வாறு முன்னரே அறியப்பட்டவர்களே. எனவே அக்கடிகாரம் எச்சரியாமல் இருப்பதைக் கண்டு அத்தகையவர் ஆறுதல் கொள்ள இடமில்லை.

பொதுவான இக்குறைகளுக்கு மேலே, பாரிசவாத நோயாளர்க்கே உரிய மூன்று இடர்கள் உள்ளன.

ஒன்று, முடங்கிய கை. தளர்ந்து தொங்கும் கையும், காலப்போக்கிலே இறுகி மடிந்த கையும் குருதியமுக்கத்தைச் சரியாகக் காட்டாமற் போகலாம். ஆதலின் நலமான கையிலேயே அளத்தல் வேண்டும் என்பது விதி. ஆனால் நலமான கையிலே பட்டையைக் கட்டுவதற்கு மற்றைக் கை வேண்டுமே! ஒருகை முடங்கியவர் தமது நல்ல கையிலே தாமே கருவியைக் கட்டிக்கொள்வது எளிதன்று. எனவே, எவ்வளவு நுட்பமான கருவியாயினும், பாரிசவாத நோயாளர் வீட்டிலே அது இன்னொருவருடைய கையை எதிர்பார்த்தே நிற்கின்றது.

இரண்டு, கையின் உயரம். மணிக்கட்டு இதயமட்டத்திலிருந்து பத்துச் சென்ரிமீற்றர் தாழ்ந்தால், எண் ஏறத்தாழ ஏழெட்டு மில்லிமீற்றர் கூடும். உயர்ந்தால் அவ்வளவு குறையும். பாயிலே சாய்ந்திருப்பவர் கையைத் தொடைமீது போட்டு அளந்தால், இல்லாத உயர்வு தோன்றும். மெத்தையிலே தலைக்கு மேல் கையை வைத்துக் கிடப்பவர்க்கு உள்ள உயர்வும் மறையும்.

மூன்று, ஒழுங்கற்ற துடிப்பு. பாரிசவாதம் கண்டவருட் சிலர்க்கு இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடிக்கும் நோய் உண்டு. துடிப்பு ஒவ்வொன்றும் வேறுவேறு வலிமையோடு வருவதால், ஒளியலையைக் கொண்டு ஊகிக்கும் கருவி தடுமாறுகின்றது. காற்றுப்பட்டைக் கருவியுங்கூட அத்தகையவர்க்கு ஒருமுறையன்றி மும்முறை அளந்து சராசரி காணுதற்குரியது.

இவையெல்லாம் ஏட்டுச் செய்திகள் அல்ல. வளைகுடா நாடொன்றிலே தொழில் புரியும் மகன் விடுமுறையில் வரும்போது, பாரிசவாதம் கண்டு தேறிவரும் வாப்பாவுக்கு அன்போடு ஒரு கடிகாரத்தைக் கொண்டுவந்து கட்டிவிடுவது இக்கரையூர்களிலே நிகழக்கூடிய ஒன்றே. மகன் திரும்பிச் சென்றபின், கடிகாரம் நாள்தோறும் 120, 122 என்று காட்டிக்கொண்டிருக்கும். “பிரஷர் நல்லாத்தானே இருக்கு, குளிசை எதற்கு?” என்று வாப்பா கேட்பார். கிளினிக் நாளும் ஒன்றிரண்டு தவறும். காற்றுப்பட்டையைக் கட்டி அளந்திருந்தால் 160 என்று காட்டியிருக்கக்கூடிய அமுக்கம், கடிகாரத்தின் நல்ல சொல்லிலே மறைந்து கிடக்கும். மகனின் அன்பிலே குறையில்லை. வாப்பாவின் வாதமும் அவருக்கு நியாயமானதே. தவறு யாதெனில், ஊகத்தை அளவென்று எண்ணியதும், அளவு நன்றாயிருப்பது மருந்தினால் என்பதை மறந்ததுமே. உண்மையாகவே 120 என்று அளவு வந்தாலும், அது குளிசை செய்த வேலை. குளிசை வேண்டாம் என்பதற்கான சான்றன்று.

அவ்வாறாயின் கடிகாரத்தால் பயனே இல்லையோ எனின், உண்டு. தாளம் தப்பிய துடிப்பைக் கண்டுபிடிப்பதிலே அது நல்ல துணை. அத்துடிப்பு உள்ளவர்க்குப் பாரிசவாத ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு. அதற்குரிய மருந்தும் வேறு. 2019 ஆம் ஆண்டிலே வெளியான அமெரிக்க ஆய்வொன்றிலே நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடிகாரம் அணிந்து பங்குபற்றினர். கடிகாரத்தின் எச்சரிக்கை பெற்றோர் நூற்றுக்கு ஒருவரிலும் குறைவே. எச்சரிக்கை பெற்று, பின்னர் நெஞ்சிலே ஒட்டும் கருவியால் சோதிக்கப்பட்டவருள் ஏறத்தாழ மூவரில் ஒருவர்க்கு அந்நோய் உறுதியாயிற்று. ஆகவே கடிகாரம் ‘ஒழுங்கற்ற துடிப்பு’ என்று எச்சரித்தால் அதனைப் புறக்கணித்தலாகாது, ஈ.சீ.ஜீ. எடுத்துப் பார்த்தல் வேண்டும். மருந்து வேளையை நினைவூட்டுதல், நடந்த தூரத்தை எண்ணுதல் ஆகியவற்றுக்கும் அது உதவும். குருதியமுக்கத்தைப் பற்றிய இறுதிச் சொல்லை மட்டும் அதனிடம் கேட்டல் கூடாது.

இனி, கருவி சரியானதாகவே இருந்தாலும் அது மட்டும் போதுமோ என்பதனையும் ஆராய்தல் வேண்டும். இங்கிலாந்திலே 2014 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், பாரிசவாதம், நீரிழிவு, சிறுநீரக நோய், இதயநோய் ஆகியவற்றால் ஆபத்து மிகுந்த 552 பேர் எடுத்துக்கொள்ளப்பட்டனர். ஒரு சாரார் வீட்டிலே தாமே அளந்து, எண் உயர்ந்தால் எந்த மருந்தை எவ்வளவு கூட்டுவது என்று வைத்தியர் முன்னரே எழுதிக் கொடுத்த திட்டப்படி நடந்தனர். ஓராண்டு முடிவிலே அவர்களது மேல் எண், வழமையான பராமரிப்புப் பெற்றோரிலும் 9 மில்லிமீற்றர் குறைந்திருந்தது. ஆனால் இலண்டனிலே பாரிசவாதம் கண்ட 381 பேரிடையே நடந்து, 2013 ஆம் ஆண்டிலே வெளியான மற்றோர் ஆய்விலே, வீட்டில் அளக்கும் கருவியும் தாதியின் தொலைபேசி ஆலோசனையும் கொடுக்கப்பட்டும், மொத்தத்திலே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகும். எண்ணைக் கண்டபின் யார் என்ன செய்வது என்ற ஏற்பாடு தெளிவாக இருந்த இடத்திலே, அளத்தல் பயன் தந்தது.

இலங்கையின் அனுபவமும் இதனையே சொல்கின்றது. வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் கிராமப்புறங்களிலே 2,645 பேரிடையே நடந்து, 2020 ஆம் ஆண்டிலே வெளியான ஆய்வொன்றில், சுகாதார ஊழியர்கள் வீடு தேடிச் சென்று அமுக்கத்தை அளந்தனர், அறிவுரை கூறினர், உயர்ந்து நின்றோரைப் பயிற்சி பெற்ற வைத்தியரிடம் அனுப்பினர். ஈராண்டு முடிவிலே அவ்வூர்களின் மேல் எண், பிற ஊர்களினும் 5 மில்லிமீற்றர் அதிகமாகக் குறைந்திருந்தது. இலங்கையின் 11 வைத்தியசாலைகளிலே 700 பேரிடையே நடந்து, 2018 ஆம் ஆண்டிலே வெளியான ஆய்வொன்றில், மூன்று மருந்துகளைக் குறைந்த அளவிலே ஒரே குளிசையாக்கிக் கொடுத்தபோது, ஆறு மாதத்திலே நூற்றுக்கு 70 பேர் இலக்கை அடைந்தனர். வழமையான முறையிலோ 55 பேரே அடைந்தனர். பழைய காற்றுப்பட்டையும், எளிய குளிசையும், வாசலுக்கு வந்த ஊழியரும் சேர்ந்து செய்த வேலை இவையாகும்.

இக்கரையோரத்துக்கு இவற்றை எவ்வாறு பொருத்துவது? கல்முனையிலே அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் உள்ளன. நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களிலும் ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. கிளினிக்கும் மருந்தும் அரசாங்கத்தால் இலவசமாகவே வழங்கப்படுகின்றன. 2022 ஆம் ஆண்டு நெருக்கடியிலே மருந்துக்குத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, கையிலிருந்த குளிசையின் அருமை பலர்க்கும் விளங்கிற்று. இப்பகுதியின் குடும்ப முறையும் நோயாளர்க்கு ஒரு பேறு. பெண்மக்களுக்கு வீடு கொடுத்து மணமுடித்து, அவர்களைத் தாய்வீட்டுக்கு அணித்தே வைத்திருப்பது இங்குள்ள முஸ்லிம் மக்களின் வழக்கம். எனவே நல்ல கையிலே பட்டையைக் கட்டிவிட ஒரு மகளோ, பேரப்பிள்ளையோ கூப்பிடு தூரத்திலே உண்டு. எண்களைக் கொப்பியிலே எழுதுவதற்குப் பாடசாலைப் பிள்ளையே போதும்.

வீட்டுக்குக் கருவி வாங்குவோர், உலக அமைப்புகளால் சோதித்து ஏற்கப்பட்ட, மேற்கையிலே கட்டும் காற்றுப்பட்டைக் கருவியையே முதலில் வாங்குதல் வேண்டும். ஸ்ரைட் பீ.பீ. என்னும் பன்னாட்டு அமைப்பு அத்தகைய கருவிகளின் பட்டியலை வெளியிட்டு வருகின்றது. பட்டை கையின் பருமனுக்கு ஏற்றதாதல் வேண்டும். கடிகாரம் வாங்கும் பணம் மிஞ்சியிருந்தால் பின்னர் வாங்கிக் கொள்ளலாம்.

அளக்கும் முறையும் எளிதே. தேநீர், புகை, உடலுழைப்பு ஆகியவற்றின் பின் அரைமணி நேரமாவது கழிதல் வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்த கதிரையிலே, கால் இரண்டும் நிலத்திற் படிய, ஐந்து நிமிடம் பேசாது அமர்தல் வேண்டும். நலமான கையை மேசைமீது இதயமட்டத்திலே வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளத்தல் வேண்டும். காலையிலே குளிசைக்கு முன்னும், மாலையிலும், கிளினிக் நாளுக்கு முந்திய ஏழு நாளும் இவ்வாறு அளந்து எழுதி, கிளினிக் கொப்பியோடு கொண்டு செல்லுதல் வேண்டும். முதல்நாள் எண்களை நீக்கி, மற்றை நாட்களின் சராசரியை வைத்தியர் பார்ப்பார். வீட்டுச் சராசரி 135 இற்கும் 85 இற்கும் மேற்பட்டால் அது உயர்வே.

முஸ்லிம் வீடுகளுக்கு உரிய சில நடைமுறைகளும் உண்டு. கடிகாரம் கட்டியிருப்போர் நாள்தோறும் ஐந்து வேளை வுழூச் செய்யும்போது, நீர் தோலிலே படும்படி அதனைக் கழற்றவோ நகர்த்தவோ நேரும். மீண்டும் தளர்வாகக் கட்டினால் ஒளி சிதறி எண் பிழைக்கும். ஸுஜூதிலிருந்து எழும்போது தலைசுற்றல் வந்தால், எழுந்து நின்ற நிலையிலும் அமுக்கத்தை அளந்து வைத்தியரிடம் சொல்லுதல் வேண்டும். மருந்து கூடி அமுக்கம் தாழ்ந்தாலும் அவ்வாறு நேரும். அத்தகையவர் கதிரையில் அமர்ந்து தொழுவது விழுகையைத் தடுக்கும். ரமழான் வருமுன்னரே நோன்பு நோற்கலாமா என்று வைத்தியரைக் கேட்டல் நன்று. நோயாளர்க்கு மார்க்கம் சலுகை அளித்திருப்பதை யாவரும் அறிவர். வைத்தியர் இசைந்தால், குளிசை வேளைகளை ஸஹருக்கும் நோன்பு திறக்கும் வேளைக்கும் அவரே மாற்றித் தருவார். தாமாக மாற்றுதல் தகாது. கருவாடும் ஊறுகாயும் நாவுக்கு இனியவை. ஆயின் அவற்றிலுள்ள உப்பு அமுக்கத்தை ஏற்றுவது.

இறுதியாக, யாவரும் மனத்திற் கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்று. முகம் ஒருபுறம் கோணினால், ஒரு கை தூக்க முடியாது விழுந்தால், பேச்சுக் குழறினால், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்றலாகாது. எண் சரியாக இருப்பினும் நோய் நோயே. அவ்வேளையிலே அமுக்கம் உயர்ந்திருப்பதைக் கண்டு, வீட்டிலுள்ள குளிசையைக் கொடுத்தலும் பெருந்தீங்கு. மூளைக்குக் குருதி போதாத நேரத்திலே அமுக்கத்தைச் சடுதியாகத் தாழ்த்தினால் சேதம் பெருகும். விழுங்க முடியாத வாயிலே குளிசையும் நீரும் மூச்சுக்குழாயிற் சென்றுவிடும். குருதிக் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுப்பதற்குரிய காலம், அறிகுறி தொடங்கியதிலிருந்து நான்கரை மணிநேரமே. அதற்கு முன் மூளையைப் படம் பிடித்தும் பார்த்தல் வேண்டும். ஆகவே அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வண்டியை வரவழைத்தலே முதற் கடமை. கடிகாரம் அப்பொழுது செய்யத்தக்க மிகச் சிறந்த உதவி, அந்த நேரத்தைச் சரியாகக் காட்டுவதே.

நேயர்களே, கருவிகள் ஆண்டுதோறும் திருந்தி வருகின்றன. பட்டையின்றியே பிழையற அளக்கும் கடிகாரமும் ஒருநாள் வரலாம். அன்றும், அதனை முடங்காத கையிலே கட்டிவிட ஒருவர் வேண்டும்; எண்ணைக் கொப்பியிலே பதிய ஒருவர் வேண்டும்; அதைப் பார்த்து மருந்தை வகுக்க ஒரு வைத்தியர் வேண்டும்; வகுத்த மருந்தை வேளை தவறாது எடுத்துக் கொடுக்க ஒருவர் வேண்டும். அடுத்த கிளினிக் நாள் எதுவென்று பார்த்து, அதற்கு முன்னுள்ள ஏழு நாளை நாட்காட்டியிலே இன்றே குறித்து வைத்தால், அந்த வேலை தொடங்கிவிடும்.